கென்னத் ஆண்டர்சன்: ஆட்கொல்லிப் புலிகளைத் தேடிப் போனவரின் .405 ரைஃபிள் இன்று சொல்லும் கதை என்ன?

பெங்களூரில் வேலை பார்க்கும் கொங்கு மண்டலத்துக்காரர்களுக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு குழப்பம் வரும். ஊருக்கு ஓசூர், சேலம் வழியா போகலாமா, இல்லை கனகபுரா, கொள்ளேகால், திம்பம் வழியா இறங்கலாமா? இரண்டாவது வழி அழகானது. ஆனால் லேட்டா கிளம்பினால் போக முடியாது. வனவிலங்குகளுக்காகத் திம்பம் மலைப்பாதையில் இரவு நேரப் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது.

இன்று விலங்குகளுக்காக மனிதர்கள் காத்திருக்கும் இதே காட்டில், 80 வருடங்களுக்கு முன்னால் நிலைமை தலைகீழ். ஆட்கொல்லிப் புலி நடமாடுகிறது என்று செய்தி வந்தால் ஊரே சாயங்காலம் 5 மணிக்குக் கதவைச் சாத்திக்கொள்ளும். அப்போது பெங்களூரிலிருந்து ஸ்டூடிபேக்கர் காரில் ஒருவர் கிளம்பி வருவார். கையில் ஒரு வின்செஸ்டர் ரைஃபிள். பெயர் கென்னத் ஆண்டர்சன்.

அந்த ரைஃபிள் ஒரு 19-ஆம் நூற்றாண்டு ராணுவ ரைஃபிளின் உடன்பிறப்பு. பழைய துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்கள் இன்றும் தேடும் மாடல். ஆண்டர்சனின் வாழ்க்கையை அந்த ரைஃபிளோடு சேர்த்துப் பார்த்தால், வேட்டைக் கதைகளில் நாம் வழக்கமாகக் கவனிக்காத ஒரு விஷயம் தெரியவரும்.

யார் இந்த ஆண்டர்சன்?

1910 மார்ச் 8-ஆம் தேதி ஹைதராபாத் அருகே பொலாரத்தில் பிறந்தார். ஸ்காட்லாந்து வம்சாவளி. ஆனால் குடும்பம் பல தலைமுறைகளாக இந்தியாவிலேயே இருந்தது. அப்பா ராணுவக் கணக்குத் துறையில் வேலை பார்த்தவர். படிப்பு பெங்களூரில், பிஷப் காட்டன் பள்ளியிலும் செயின்ட் ஜோசப் கல்லூரியிலும். சட்டம் படிக்க எடின்பரோவுக்கு அனுப்பினார்கள். பாதியிலேயே விட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவருடையது நம்மைப் போன்ற ஒரு சம்பள வாழ்க்கைதான். தபால் தந்தித் துறையில் சுமார் 15 வருடங்கள். பிறகு, பின்னாளில் ஹெச்.ஏ.எல். ஆன பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் திட்டமிடல் மேலாளர். வேட்டை அவருக்குத் தொழில் இல்லை. லீவு நாட்களில் காட்டுக்குப் போவார், லீவு முடிந்தால் ஆபீசுக்குத் திரும்பணும்.

கன்னடமும் தமிழும் பேசுவார். இது சின்ன விஷயம் இல்லை. அவர் சுற்றிய காடுகள் இரண்டு மொழிகளுக்கும் நடுவில்தான் இருந்தன. தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி, அஞ்செட்டி, பென்னாகரம். காவிரியைத் தாண்டினால் கொள்ளேகால் காடுகள். தெற்கே போனால் கெத்தேசால், ஆசனூர், திம்பம். இன்று சாமராஜநகர் மாவட்டத்தில் இருக்கும் கொள்ளேகால், 1956 நவம்பர் 1 வரை சென்னை மாகாணத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்துத் தாலுகா. ஆண்டர்சன் வேட்டையாடிய காலத்தில் பெரும்பகுதி அது நிர்வாகக் கணக்கில் தமிழ்நாட்டுக் காடுதான்.

1939 முதல் 1966 வரையிலான அரசுப் பதிவுகளின்படி அவர் சுட்ட ஆட்கொல்லிகள் 8 சிறுத்தைகளும் 7 புலிகளும். கிருஷ்ணகிரி பக்கம் 42 பேரைக் கொன்றதாகச் சொல்லப்படும் கும்மளாபுரம் சிறுத்தையும் அவர் சுட்டதுதான். முதல் புத்தகம் 1954-இல் வந்தது.

அவர் கையில் இருந்தது என்ன ரைஃபிள்?

வின்செஸ்டர் மாடல் 1895. தோட்டா அளவு .405. வடிவமைத்தவர் அமெரிக்கத் துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரவுனிங்.

அதுவரை வந்த பெரும்பாலான லீவர் ரைஃபிள்களில் தோட்டாக்கள் குழலுக்கு அடியில் ஒரு நீளக் குழாய்க்குள் ஒன்றன் பின் ஒன்றாக இருக்கும். அதில் ஒரு சிக்கல். கூர்முனைத் தோட்டா போட்டால், பின்னால் இருப்பதன் முனை முன்னால் இருப்பதன் வெடிமுனையில் இடிக்கும். குழாய்க்குள்ளேயே வெடிக்கலாம். ராணுவங்களோ அப்போது புகையில்லா மருந்துக்கும் வேகமான தோட்டாவுக்கும் மாறிக்கொண்டிருந்தன. பிரவுனிங் தோட்டாக்களை ஒரு பெட்டிக்குள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினார். பிரச்னை தீர்ந்தது.

1898-இல் ஸ்பெயினுடனான போரின்போது அமெரிக்க ராணுவம் இந்த மாடலில் 10,000 ரைஃபிள்கள் கேட்டது. முதல் உலகப் போரில் ரஷ்யா சுமார் 3 லட்சம் வாங்கியது. மொத்த உற்பத்தியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ரஷ்யாவுக்கே போனது.

.405 தோட்டா 1904-இல் வந்தது. கிட்டத்தட்ட 19 கிராம் எடையுள்ள அந்தத் தோட்டா பெரிய மிருகங்களுக்கானது. அமெரிக்க முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 1909-இல் ஆப்பிரிக்க வேட்டைக்கு இதைக் கொண்டுபோன பிறகு பெயர் பரவியது.

இந்தியாவில் இன்னொரு காரணமும் உண்டு. ராணுவத் தோட்டாக்கள் கலகக்காரர்கள் கைக்குப் போய்விடக் கூடாது என்று பிரிட்டிஷ் அரசு, .303, .450 போன்ற அளவுகளைத் தனியார் வைத்துக்கொள்ளக் கட்டுப்பாடுகள் கொண்டுவந்தது. .405 பிரிட்டிஷ் ராணுவம் பயன்படுத்திய அளவு இல்லை. அதனால் அதற்கு அந்தத் தொல்லை இல்லை.

சேகரிப்பாளர்கள் எப்படி அடையாளம் காண்கிறார்கள்?

முதலில் பார்ப்பது வடிவம். கீழே லீவர், அதற்கு முன்னால் துருத்திக்கொண்டிருக்கும் தோட்டாப் பெட்டி. இரண்டும் சேர்ந்திருந்தால் அநேகமாக 1895-தான்.

அடுத்தது வரிசை எண்.  அதை வைத்துத் தயாரிப்பு ஆண்டைக் கணக்கிடலாம். முதல் சுமார் 5,000 ரைஃபிள்களின் பக்கவாட்டு உலோகம் தட்டையாக இருக்கும். பிறகு வந்தவற்றில் மேடு பள்ளமாகச் செதுக்கிய வடிவம். மேல்பக்கம், தோட்டாக் கோர்வையைச் செருகி இறக்க ஒரு வழித்தடம் இருந்தால் அது ரஷ்ய ராணுவ ரைஃபிள். குழலில் .405 என்று இருந்தால் அது 1904-க்குப் பிந்தைய வேட்டை ரைஃபிள்.

இவ்வளவையும் ஓர் இரும்பைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஆனால் அதை யார், எதற்காக, யாரை நோக்கி நீட்டினார்கள் என்பதை இரும்பு சொல்லாது. அதற்கு ஆண்டர்சன் எழுதியதைத்தான் படிக்கணும்.

ஒரே காடு, இரண்டு துப்பாக்கிகள்

ஆண்டர்சனின் புத்தகங்களில் மறக்க முடியாத ஆள் பைரா. பென்னாகரம் பக்கம் சின்னாற்றங்கரைக் காட்டில் வாழ்ந்த பழங்குடி மனிதர். தடம் பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று ஆண்டர்சனே ஒப்புக்கொள்கிறார். ஆனால் கதையில் பைரா அறிமுகமாவது ஒரு திருட்டு வேட்டைக்காரராக. அவரிடம் இருந்தது குழலின் வாய்வழியாகக் கரிமருந்து கெட்டித்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கி.

இந்த வேறுபாட்டுக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு, 1878-இல் வந்த ஆயுதச் சட்டம் இந்தியர்கள் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. ஐரோப்பியர்களுக்கு விலக்கு கொடுத்தது. பின்னாளில் விதிகள் மாறின. ஆனாலும் காட்டுக்குள் குடிசையில் இருப்பவருக்கு உரிமம் வாங்குவது எளிதா என்ன? ஒருவர் மானைச் சுட்டால் ஷிகார். இன்னொருவர் அதே மானைச் சுட்டால் திருட்டு. ஆண்டர்சன் பைராவைப் பிடித்துக்கொடுக்கவில்லை, நண்பராக்கிக்கொண்டார். ஆனால் இருவரையும் பிரித்து வைத்த கோடு அவர் வாழ்நாள் முழுக்க அங்கேயே இருந்தது.

ஆட்கொல்லியை உருவாக்கியது யார்?

இங்கேதான் ஆண்டர்சன் பல வேட்டை எழுத்தாளர்களிலிருந்து விலகுகிறார். ஒவ்வொரு மிருகத்தையும் சுட்டு முடித்த பிறகு, இது ஏன் மனிதர்களைக் கொல்ல ஆரம்பித்தது என்று தேடுவார். பல நேரம் பதில் அந்த உடம்பிலேயே இருக்கும். முள்ளம்பன்றி முள் குத்திய பாதம், அல்லது பழைய குண்டுக் காயம். அரைகுறையாகச் சுட்டுவிட்டு, காயம்பட்ட மிருகத்தைத் தேடிப் போகாமல் வீட்டுக்குப் போன யாரோ ஒருவரின் வேலை.

ஜவளகிரிப் பெண்புலி இதற்கு நல்ல உதாரணம். அதன் ஜோடியைத் திருட்டு வேட்டைக்காரர்கள் சுட்டார்கள். துணையைத் தேடி அலைந்த அதை ஓர் இளம் வேட்டைக்காரர் சுட்டுக் காயப்படுத்தினார். அதற்குப் பிறகுதான் அது ஆட்களைக் கொல்லத் தொடங்கியது. கடைசியில் ஆண்டர்சன் ஆண்புலியைப் போலக் குரல் கொடுத்தார். அது துணை என்று நம்பி வந்தது. சுட்டார். அந்த வெற்றியில் பெருமைப்பட எதுவும் இல்லை என்ற உணர்வை அவர் மறைக்கவில்லை.

கவனிங்க, இதில் குற்றம் நாட்டுத் துப்பாக்கி மேல் மட்டும் இல்லை. அந்தப் புலியைக் காயப்படுத்தியவர் ஒரு வேட்டைக்காரக் கனவான். ஆட்கொல்லியை முடித்துவைத்ததும் ரைஃபிள்தான், அதை ஆரம்பித்து வைத்ததும் ரைஃபிள்தான்.

வயது ஏற ஏற அவர் ரைஃபிளைவிடக் கேமராவை அதிகம் விரும்பினார். காடுகள் சுருங்குவதைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1974 ஆகஸ்ட் 30-ஆம் தேதி புற்றுநோயால் பெங்களூரில் இறந்தார். கடைசிப் புத்தகம் அவர் இறந்த பிறகு 1976-இல் வெளிவந்தது.

தாத்தா காலத்துத் துப்பாக்கி வீட்டில் இருந்தால் என்ன செய்வது?

முதல் விஷயம், சட்டம். 1959 ஆயுதச் சட்டத்தின்படி, பழுது பார்த்தாலும் சுடவே முடியாத பழம்பொருள் ஆயுதங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. சுட முடியும் என்றால் எவ்வளவு பழசாக இருந்தாலும் உரிமம் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கிகள்தான் வைத்திருக்கலாம். பரம்பரையாக வந்ததும் அந்தக் கணக்கில் சேரும். எனவே சுத்தம் செய்வதற்கு முன்னாலேயே காவல் நிலையத்திலோ மாவட்ட நிர்வாகத்திடமோ கேட்டுவிடுவது நல்லது. 100 வருடங்களுக்கு மேற்பட்ட பழம்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யக் கூடாது என்கிறது 1972 தொல்பொருள் சட்டம்.

இரண்டாவது, புதுப்பித்தல். பளபளன்னு ஆக்கணும்னு தோன்றும். அதைத்தான் செய்யக் கூடாது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் துருவோடு சேர்ந்து வரிசை எண்ணும் ராணுவ முத்திரையும் அழியும். லேசான எண்ணெய், மென்மையான துணி, நிறைய பொறுமை போதும். மரக்கட்டைக்கு மெல்லியதாக ஆளிவிதை எண்ணெய். வெட்டு, கீறல், யாரோ கத்தியால் செதுக்கிய எழுத்து எல்லாம் அப்படியே இருக்கட்டும். சேகரிப்பாளருக்கு அதுதான் ஆதாரம்.

ஆண்டர்சனையும் அப்படித்தான் படிக்க வேண்டியிருக்கிறது. புலிகளைக் கொன்றவர், புலிகளுக்காக எழுதியவர், தனக்கு மட்டும் கிடைத்த சலுகையோடு காட்டுக்குள் போனவர், பைராவின் பெயரை நமக்கு விட்டுச் சென்றவர். எதையும் தேய்த்து அழிக்க வேண்டியதில்லை.

அவர் நடந்த காடுகள் இன்று காவிரி, மலை மகாதேஸ்வரா சரணாலயங்களாகவும், பிலிகிரிரங்கா, சத்தியமங்கலம் புலிகள் காப்பகங்களாகவும் இருக்கின்றன. அடுத்த முறை கொள்ளேகால் வழியா ஊருக்குப் போகும்போது, சீக்கிரமே கிளம்பிடுங்க. ராத்திரி அந்த ரோடு அவற்றுக்கானது.