கேட்டுக் கட்டியவர்

வீட்டைக் கட்டுபவர் ஒருவர். அதில் வாழப்போகிறவர் வேறொருவர். எப்படி வேண்டுமென்று அவரைக் கேட்பதுண்டா? இல்லை! இதுதான் அறை, இதுதான் அளவு, அடங்கி இரு என்பதுதான் வழக்கம். அந்த வழக்கத்தை மாற்றிக் காட்டிய மாதரசி ஒருவர் இலங்கையிலே வாழ்ந்தார். அவர்தான் மினெட் டி சில்வா.

1918-ல் கண்டியிலே பிறந்தார். தந்தை ஜார்ஜ் டி சில்வா, சிங்கள பௌத்தர். தாய் ஆக்னஸ், பறங்கியர் குலத்துக் கிறித்தவர். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டுமெனப் போராடியவர். 1931-ல் இலங்கைப் பெண்கள் அவ்வுரிமையைப் பெற்றனர். அந்தத் தாயின் மகள் அடுப்பங்கரையோடு அடங்கிவிடுவாரா? பம்பாயிலே பயின்றார், இலண்டனிலே தேர்ந்தார். 1948-ல் பிரிட்டனின் அரச கட்டடக் கலைஞர் கழகத்தில் உறுப்பினரானார். ஆசியப் பெண்களிலே அந்தத் தகுதி பெற்ற முதல்வர் அவரே!

கண்டிக்குத் திரும்பினார், பெற்றோர் இல்லத்திலேயே தம் தொழிலகத்தைத் தொடங்கினார். மேல்நாட்டுப் புதுமை வேண்டும். ஆனால் அது இந்த மண்ணிலே வேரூன்ற வேண்டும். இதுவே அவர் கொள்கை. 1951-ல் முடிந்த கருணாரத்ன இல்லம் அதற்குச் சான்று. மலைச்சரிவிலே புதுமுறைக் கட்டடம். அதற்குள்ளே தும்பறைப் பாய் நெய்வோரின் கைவண்ணம், சுடுமண் ஓடு செய்வோரின் திறன்! சிற்றூர்க் கைவினைஞனின் தொழில் அழியாதிருக்க, புதிய வீட்டிலே அவனுக்கு வேலை தந்தார்.

பின்னர் 1950-களில் அரசு ஊழியர்களுக்காக வட்டப்புளுவை வீட்டுத்திட்டம் வந்தது. ஏறத்தாழ 250 வீடுகள். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் எனப் பல இனத்தாரும் குடியேறும் இடம். அம்மையார் என்ன செய்தார்? வினாத்தாள் கொடுத்தார்! உங்கள் குடும்பம் எத்தகையது, பழக்கம் என்ன, தேவை என்ன என்று கேட்டார். கேட்டறிந்த பிறகே வீட்டு வகைகளை வகுத்தார். குடியிருப்போனை மனிதனாக மதித்த செயலல்லவா இது?

ஆனால் நாடு அவரை மதித்ததா? மரபும் புதுமையும் இணைந்த இலங்கைக் கட்டடக் கலை என்றதும் உலகம் ஜெஃப்ரி பாவாவின் பெயரையே முதலில் உரைக்கிறது. பாவாவின் திறமையை நாம் குறைத்துரைக்கவில்லை. எனினும், அவர் கட்டடக் கலைஞராகத் தகுதி பெற்றதே 1957-ல்தான். கருணாரத்ன இல்லமோ அதற்கு ஆறாண்டுகள் முன்பே எழுந்துவிட்டது! இலங்கைக் கட்டடக் கலைஞர் கழகம் அம்மையாருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது 1996-ல். இரண்டே ஆண்டுகளில், தம் எண்பதாம் வயதில், அவர் மறைந்தார். அவர் வாழ்ந்து தொழில் நடத்திய இல்லமோ பாழடைந்தது.

ஊராரைக் கேட்டு வீடு கட்டித் தந்தவர் அவர். அவரைக் கேட்பார்தான் இல்லாமற் போயினர். பதக்கத்தைப் பிந்தித் தரலாம். வாழ்நாளைத் திருப்பித் தர முடியுமா? திறமையுள்ள பெண்கள் நம்மிடையே வாழும்போதே அவர்தம் பெயரை உரக்கச் சொல்வோம் என்பதே நாம் விடுக்கும் வேண்டுகோள்.