கணிப்பு சரி.. ஆனா பணம் போச்சு! கரன்சி டிரேடிங்கில் கையைச் சுட்டுக்கொண்ட பொருளாதார மேதை கெயின்ஸ்

ஜெர்மனியின் பணமான மார்க் சரியும் என்று கணித்தார். அது சரிந்தும் விட்டது. ஆனால் அதற்கு முன்பே, அதே கணிப்பை நம்பிப் போட்ட பணம் மொத்தமும் போய்விட்டது. அவர் சாதாரண ஆள் இல்லை. 20ஆம் நூற்றாண்டின் பெரிய பொருளாதார நிபுணரான ஜான் மேனார்ட் கெயின்ஸ்!

யார் இவர்?

1883ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பிறந்தவர் கெயின்ஸ். 1906ல் லண்டனில் இந்திய விவகாரங்களைக் கவனித்த அரசு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1913ல் வெளிவந்த அவரது முதல் புத்தகமே இந்திய ரூபாய் பற்றியதுதான்.

முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனி மீது சுமத்தப்பட்ட இழப்பீட்டை அந்த நாட்டால் தாங்கவே முடியாது என்று வாதிட்டார். யாரும் கேட்கவில்லை. 1919ல் நிதித்துறை வேலையை உதறினார். அதைப் பற்றி எழுதிய புத்தகம் அவரை உலகப் புகழ் ஆக்கியது.

களத்தில் இறங்கினார்

அதே 1919ல் கரன்சி டிரேடிங் தொடங்கினார். டாலரை வாங்கினார். மார்க், பிராங்க், லிரா ஆகியவற்றை விலை இறங்கும் என்று நம்பி முன்கூட்டியே விற்றார். இன்றைய பாஷையில் 'ஷார்ட்'. கையில் இருந்ததோ கொஞ்சம் பணம், எடுத்ததோ பல மடங்கு பெரிய டிரேட். நண்பர்கள், குடும்பத்தினரின் பணமும் இதில் இருந்தது.

முதலில் லாபம் கொட்டியது. 1920 பிப்ரவரியில் ஒரு டாலருக்குச் சுமார் 100 மார்க். அதன்பின் காற்று திசை மாறியது. ஜூனில் ஒரு டாலருக்குச் சுமார் 40 மார்க்தான். அதாவது, விழ வேண்டிய மார்க் இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது! மே மாதமே கெயின்ஸின் முதல் காலி.

எங்கே தப்பு நடந்தது?

கெயின்ஸ் சார்ட் பார்த்து டிரேட் செய்தவர் இல்லை. பொருளாதாரக் காரணங்களை நம்பியவர். ஆனால் அந்த மார்க் விலையை இன்று சார்ட்டில் போட்டால் விஷயம் புரியும்.

மாத சார்ட்டில் உச்சங்களை இணைத்து ஒரு டிரெண்ட்லைன் வரைந்தால், அது கீழ்நோக்கியே போகும். கெயின்ஸ் சொன்னது சரி. தினசரி சார்ட்டிலோ, பிப்ரவரிக்குப் பிறகு சில மாதங்கள் விலை மேலே ஏறும். அந்தக் குட்டி ஏற்றம்தான் அவரைக் கவிழ்த்தது.

டிரேடர்கள் ஒரே கரன்சியை மாதம், நாள், மணி என்று பல சார்ட்டுகளில் பார்ப்பது இதனால்தான். பெரிய சார்ட் திசையைச் சொல்லும். சின்ன சார்ட், இப்போ நுழையலாமா, பொறுக்கணுமா என்று சொல்லும். கடன் வாங்கி டிரேட் செய்பவருக்கு திசை மட்டும் தெரிந்தால் போதாது. அதுவரை தாக்குப்பிடிக்கப் பணமும் வேணும்.

மீண்டது எப்படி?

கெயின்ஸ் ஓடி ஒளியவில்லை. எர்னஸ்ட் காசல் என்ற பெரும் பணக்காரரிடம் 5,000 பவுண்ட் கடன் வாங்கினார். பதிப்பகத்திடம் முன்பணம் பெற்றார். மறுபடி டிரேடிங். 1922 இறுதிக்குள் கடன் தீர்ந்து, கையில் சுமார் 21,000 பவுண்ட் இருந்தது.

1923 நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க்! கெயின்ஸின் கணிப்பு முழுசாகப் பலித்தது. 1920 மே மாதத்தில் தாக்குப்பிடித்திருந்தால்?

பின்னாளில் வேகமான டிரேடிங்கைக் குறைத்து, நல்ல நிறுவனப் பங்குகளை வாங்கிப் பல வருடங்கள் வைத்திருக்கும் வழிக்கு மாறினார். 1944ல் நாடுகளின் கரன்சி மதிப்பைக் கட்டுக்குள் வைக்க அமெரிக்காவின் பிரெட்டன் வுட்ஸில் நடந்த மாநாட்டில் பிரிட்டன் குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. 1946 ஏப்ரல் 21ல் காலமானபோது, ஒருகாலத்தில் எல்லாவற்றையும் இழந்த அந்த மனிதர் பெரும் செல்வந்தர்.