எறும்பு மனிதர் பாவா முகையத்தீன் (ரஹ்)

நமது சங்கத்தின் பொன்விழா மலருக்குப் பெரியவர் ஒருவரின் வரலாற்றை எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டார்கள். நாகூர் ஆண்டகையைப் பற்றியும் குணங்குடியாரைப் பற்றியும் தக்கலை பீரப்பாவைப் பற்றியும் நம் வீடுகளில் தெரியாதவர் இல்லை. ஆனால் இலங்கைக் காட்டிலிருந்து வெளியே வந்து, அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பள்ளிவாசல் எழுப்பி, அங்கேயே மறைந்த ஒரு தமிழ்ப் பெரியவரைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அவர்தான் முகம்மது ரஹீம் பாவா முகையத்தீன் (ரஹ்). எங்கோ இருக்கும் ஆங்கிலம் பேசும் மக்கள் அவரை நன்றாக அறிவார்கள். அவர் பேசிய தமிழைப் பேசும் நாம்தான் குறைவாக அறிந்திருக்கிறோம். அந்தக் குறை கொஞ்சம் தீரட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

பாவா அவர்களின் இளமைக் காலம் பற்றிய பதிவுகள் மிகக் குறைவு. 1940களின் தொடக்கத்தில், யாத்திரை போன மக்கள் அவரை வட இலங்கையின் காட்டுப் பகுதியில் கண்டார்கள் என்பதிலிருந்துதான் அவருடைய வரலாறு தொடங்குகிறது. அதற்கு முன் தென்னிலங்கையின் கதிர்காமத்திலும், பலாங்கொடைக்குப் பக்கத்தில் உள்ள ஜெய்லானியிலும் அவர் தங்கியிருந்ததாகச் சொல்லப்படுகிறது.

இந்த இரண்டு இடங்களையும் பற்றி நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். கதிர்காமம் இந்துக்களுக்கும் பௌத்தர்களுக்கும் புனிதத் தலம். அதே வளாகத்தில் நமக்கும் ஒரு பள்ளிவாசல் உண்டு. ஹிள்ர் (அலை) அவர்களோடு அந்த இடத்தைச் சேர்த்துப் பேசுவது இலங்கை முஸ்லிம்களின் வழக்கம். பக்கத்திலேயே யால காடு. யானையும் சிறுத்தையும் கரடியும் இன்றைக்கும் அங்கே உண்டு. ஜெய்லானி என்பது மலைப்பாறையும் குகையும் சேர்ந்த இடம். நாம் மவ்லிது ஓதி நினைவுகூரும் முகையத்தீன் ஆண்டகை, பக்தாதின் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்கள், அங்கே வந்து தனித்திருந்து வணங்கினார்கள் என்பது நெடுநாளைய நம்பிக்கை. பாவா அவர்கள் காதிரிய்யா வழியைச் சேர்ந்தவர் என்று சொல்வதற்கு இந்தத் தொடர்பும் ஒரு காரணம்.

வலிமார் வரலாறு என்றாலே புலி பணிந்து நின்றது, பாம்பு குடை பிடித்தது என்பது போன்ற கராமத்துகளை நாம் எதிர்பார்க்கிறோம். பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்துவிட்டுக் கடை நடத்துகிறவன் நான். அப்படிப்பட்ட செய்திகளை நம்புவதா வேண்டாமா என்று தடுமாறுகிற தலைமுறையைச் சேர்ந்தவன். பாவா அவர்களின் கதைகளில் என்னைக் கவர்ந்தது வேறு. மிருகம் மனிதனுக்குப் பணிந்ததை விட, மனிதன் மிருகத்திடம் பாடம் கேட்டதைத்தான் அவர் அதிகம் பேசினார். அவருடைய பயான்களில் காடு ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். ஆனால் அந்தக் காட்டில் அவர் அதிசயம் காட்டுகிறவராக வருவதில்லை. மாணவராகத்தான் வருகிறார்.

பயான் செய்யும்போது பெரியவர்களையும் அவர் பிள்ளைகளே என்றுதான் அழைப்பார். வாருங்கள், காட்டுக்குள் நடந்து போவோம் என்று கதையைத் தொடங்குவார். வழியில் ஒரு மரமோ பறவையோ விலங்கோ கண்ணில் படும். அது என்ன செய்கிறது பாருங்கள் என்று நிறுத்துவார். அது எப்படித் தின்கிறது, எப்போது ஓடுகிறது, எதற்காகச் சண்டை போடுகிறது என்று பொறுமையாகச் சொல்வார். கடைசியில், இந்தக் குணம் நம்மிடம் இருக்கிறதா இல்லையா என்ற கேள்விக்கு வந்து சேர்வார். இப்படிப்பட்ட 101 கதைகள் 1981ல் ஆங்கிலத்தில் ஒரே நூலாக வந்தன.

அவருடைய கணக்கு இதுதான். சிறுத்தை பசித்தால் வேட்டையாடும். வயிறு நிறைந்தால் படுத்துக்கொள்ளும். நாளைக்கு வேண்டும் என்று கிடங்கு கட்டாது. யானை தன் வழியில் போகும்; வழியை மறித்தால்தான் ஆபத்து. படைத்தவன் ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை வைத்திருக்கிறான், அவை அந்த எல்லைக்குள் வாழ்கின்றன. எல்லை தாண்டுகிற ஒரே படைப்பு மனிதன். அப்படியானால் பயப்பட வேண்டிய காட்டு மிருகம் வெளியே இல்லை, உள்ளேதான் இருக்கிறது. மனம் ஒரு குரங்கு, ஆசை ஒரு நாய் என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்வார். கிளைக்குக் கிளை தாவுவது ஒன்று. கண்ட இடத்தில் மோப்பம் பிடித்து, கடித்து வீசிய எலும்பையும் விடாமல் இழுத்துக்கொண்டு திரிவது மற்றொன்று. இந்த இரண்டையும் கட்டிப்போடத் தெரியாதவன் காட்டுக்குப் போனாலும் நாட்டில் இருந்தாலும் ஒன்றுதான்.

இப்படிக் காட்டைப் பார்த்த மனிதர் தம்மை என்னவென்று சொல்லிக்கொண்டார்? எறும்பு மனிதன் என்று. அல்லாஹ்வின் படைப்புகளுக்குள் மிகச் சிறிய ஓர் உயிர் என்பது அதன் பொருள். யானையும் சிறுத்தையும் உலவும் காட்டை அறிந்தவர் தமக்கு உவமையாக எடுத்துக்கொண்டது எறும்பை. இது நமக்குப் புதிதல்ல. திருக்குர்ஆனில் எறும்பின் பெயரால் ஒரு சூரா இருக்கிறது. நபி சுலைமான் (அலை) அவர்களின் பெரும்படை வருவதைக் கண்டு, மிதிபடாமல் புற்றுக்குள் போகும்படி தன் கூட்டத்தை ஓர் எறும்பு எச்சரித்தது. அந்தப் பேச்சைக் கேட்டுப் புன்னகைத்த சுலைமான் நபி அடுத்துச் செய்தது, தமக்குக் கிடைத்த அருளுக்கு நன்றி செலுத்தும் மனத்தைக் கேட்டு இறைவனிடம் வேண்டியதுதான். பசு, தேனீ, சிலந்தி, யானை இவற்றின் பெயராலும் சூராக்கள் உண்டு. பூமியில் ஊர்வதும் வானில் பறப்பதும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்றும் அந்த வேதம் சொல்கிறது. பாவா அவர்கள் எழுதப் படிக்கக் கற்றவர் அல்லர். ஆனால் இந்தப் பாடத்தைத் தெளிவாகப் படித்திருந்தார்.

காட்டில் கற்றதைக் காட்டிலேயே வைத்துக்கொண்டு அவர் இருந்துவிடவில்லை. அவருடைய வாழ்க்கையில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். யாழ்ப்பாணத்து மக்கள் அழைத்ததும் அங்கே போய்ச் சேர்ந்தார். ஆசிரமம் ஒன்று உருவானது. நகருக்குத் தெற்கே விவசாயப் பண்ணை ஒன்றும் ஏற்பட்டது. நோயாளிகளும் பேய் பிடித்ததாக நம்பப்பட்டவர்களும் அவரிடம் வந்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். அவரைச் சுவாமி என்றும் குரு என்றும் அழைத்தார்கள். அவர்களுக்குத் தெரிந்த புராணக் கதைகளைக் கொண்டே ஒரே இறைவனைப் பற்றி அவர் பேசினார். ஒரு முஸ்லிம் பெரியவரை இந்துக்கள் குரு என்று அழைத்ததை இன்று சிலர் குறையாகச் சொல்லலாம். கேட்பவருக்குத் தெரிந்த பாஷையில் சொல்வதுதான் பயானுக்கு அழகு என்பது என் எண்ணம்.

1955ல் யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் மண்கும்பானில் இறை இல்லம் ஒன்றுக்கு அஸ்திவாரம் போட்டார். ஈசா நபியின் தாயார் மர்யம் (அலை) அவர்களைப் பற்றிய ஓர் ஆன்மிக அனுபவமே அதற்குக் காரணம் என்பார்கள். அந்தக் கட்டடம் இருபது ஆண்டுகள் கழித்து, 1975 பிப்ரவரி 17ல் திறக்கப்பட்டது. வேலையை முடித்துக் கொடுத்தவர்கள் அமெரிக்காவிலிருந்து அவரைத் தேடி வந்திருந்த மாணவர்கள். இதற்கிடையில் கொழும்புக்குப் போய்வரத் தொடங்கினார். அவரை முதலில் அங்கே அழைத்தவர்கள் யாழ்ப்பாணம் வந்திருந்த வியாபாரிகள் என்பதைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. 1967 வாக்கில் கொழும்பில் செரந்திப் சூபி ஆய்வு வட்டம் அமைந்தது. அதில் பெரும்பாலோர் முஸ்லிம்கள்.

1971ல் அமெரிக்காவிலிருந்து அழைப்பு வந்தது. பிலடெல்பியா நகருக்குப் போனார். அமெரிக்க இளைஞர்கள் வியட்நாம் போரால் மனம் கசந்து அமைதியைத் தேடி அலைந்த காலம் அது. மெலிந்த உடல், வெள்ளைத் தாடி, தலைப்பாகை. பேசியது தமிழ் மட்டும். கூட இருந்த இலங்கைத் தமிழர்கள் அதை உடனுக்குடன் ஆங்கிலத்தில் சொன்னார்கள். வந்தவர்களுக்கு அவர் முதலில் கொடுத்தது தத்துவம் அல்ல, சாப்பாடு. தாமே நின்று மரக்கறி சமைப்பார். அவருடைய சமையல் முறைகளைத் தொகுத்துத் தனி நூலே வந்திருக்கிறது. சபூர், ஷுகூர், தவக்குல், அல்ஹம்துலில்லாஹ்: பொறுமை, இருப்பதில் நிறைவு, இறைவனிடம் ஒப்படைப்பு, புகழ் அனைத்தும் அவனுக்கே என்பது. இந்த நான்கையும் அவர் எல்லாருக்கும் ஓயாமல் சொல்லிக்கொடுத்தார். காலையில் வெறும் வயிற்றோடு கூட்டை விட்டுப் பறந்து மாலையில் நிறைந்து திரும்பும் பறவையைத் தவக்குலுக்கு உதாரணமாக நபிகள் நாயகம் (ஸல்) காட்டியதை நாம் மதரஸாவிலேயே கேட்டிருக்கிறோம். அந்தப் பறவை கூட்டிலேயே உட்கார்ந்திருக்கவில்லை, பறந்து போய்த் தேடியது என்பதையும் கடை வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

உயிர்களைப் பற்றி அவர் சொன்னவற்றில் நம் குடும்பங்கள் அவசியம் கேட்க வேண்டியது குர்பானி பற்றிய விளக்கம். தாம் மரக்கறி உண்டாலும், மார்க்கம் ஆகுமாக்கியதை அவர் ஆகாது என்று சொன்னதில்லை. அறுப்பதற்கு இத்தனை விதிகள் ஏன் என்று மட்டும் கேட்கச் சொன்னார். கத்தி கூர்மையாக இருக்க வேண்டும். கலிமா ஓத வேண்டும். ஐந்து வேளையும் தொழுகிறவர் அறுக்க வேண்டும். அந்தப் பிராணியின் கண்ணைப் பார்க்க வேண்டும். இவ்வளவையும் முறையாகச் செய்தால் ஒரு நாளில் எத்தனை உயிரை அறுக்க முடியும்? நினைத்தவர் நினைத்தபடி அறுத்துத் தள்ளியதைக் குறைப்பதற்கும், அறுக்கிறவன் மனத்தில் இரக்கம் பிறப்பதற்குமே இந்த ஒழுங்கு என்பது அவர் விளக்கம். மார்க்க அறிஞர்கள் இதற்கு வேறு விளக்கமும் தரலாம். ஆனால் ஹஜ்ஜுப் பெருநாளன்று மாடுகள் வரிசையாக நிற்கும்போது, நம் பிள்ளைகளின் கையில் கைப்பேசி வேண்டுமா, மனத்தில் ஒரு துஆ வேண்டுமா என்று நாம் யோசிக்க வேண்டும்.

பிலடெல்பியாவில் அவர் அவசரப்படவில்லை. முதல் நாளே யாரையும் ஸஃப்பில் நிறுத்தவில்லை. திக்ரும் நற்குணமும் பழகிய பிறகு, ஆண்டுகள் கடந்து, ஐவேளைத் தொழுகைக்கு அவர்களைக் கொண்டுவந்தார். 1984 மே மாதத்தில் பள்ளிவாசல் திறக்கப்பட்டது. அதன் வேலையில் பெரும்பகுதியை அவருடைய மாணவர்களே தங்கள் கையால் செய்தார்கள். அவரிடம் வந்துபோனவர்களில் கோல்மன் பார்க்ஸ் என்ற கவிஞரும் ஒருவர். மௌலானா ரூமியின் கவிதைகளை இன்றைய ஆங்கிலத்தில் லட்சக்கணக்கானோரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர். தமிழ் மட்டுமே பேசிய ஒரு பெரியவரின் அறையில் உட்கார்ந்து எழுந்த பிறகுதான் அந்தப் பணியின் பெரும்பகுதி நடந்தது.

1986 டிசம்பர் 8ல் பாவா அவர்கள் வஃபாத்தானார்கள். பென்சில்வேனியா மாநிலத்தில், கோட்ஸ்வில் ஊருக்கு அருகே, பசுமையான பண்ணை நிலத்தில் அவருடைய மஸார் இருக்கிறது. காட்டிலிருந்து வந்தவர் வயல்வெளியில் ஓய்வெடுக்கிறார்.

அவர் பேசிய பயான்கள் ஒலிநாடாக்களில் பதிவாகியிருக்கின்றன. இருபதுக்கும் மேற்பட்ட நூல்கள் ஆங்கிலத்தில் கிடைக்கின்றன. நம் தாய்மொழியில் பிறந்த பேச்சை நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கிறார்கள் என்பது சந்தோஷம் பாதி, வருத்தம் பாதி. தமிழ் தெரிந்தவர்கள் அந்தக் குரலைத் தமிழிலேயே கேட்க முயல வேண்டும். அடுத்த ஐம்பது ஆண்டில் நம் சங்கம் செய்யக்கூடிய நல்ல காரியங்களில் ஒன்றாக இது இருக்கட்டும்.

கிள்ளானில் அடுக்குமாடியில் வளரும் பிள்ளைக்கு யானை என்பது படம்; கோழி என்பது பிளாஸ்டிக்கில் சுற்றிய துண்டு. அந்தப் பிள்ளையைக் காட்டுக்கு அனுப்ப நம்மால் முடியாது. கோல சிலாங்கூர் தூரமில்லை. மலாவத்தி மலையில் குட்டியை நெஞ்சோடு அணைத்து உட்கார்ந்திருக்கும் குரங்கைக் காட்டலாம். கம்போங் குவாந்தானில் இருட்டு ஆற்றங்கரையில் மரம் முழுதும் ஒன்றாக மின்னி ஒன்றாக அணையும் மின்மினிகளைக் காட்டலாம். அதற்கும் நேரம் இல்லையென்றால், அடுப்படியில் சர்க்கரை டப்பாவைச் சுற்றும் எறும்பு வரிசை போதும். மருந்து அடிப்பதற்கு முன் ஒரு நிமிடம் பிள்ளையோடு குனிந்து அதைப் பாருங்கள். ஒன்று மற்றொன்றை நிறுத்தி விசாரித்துவிட்டுப் போவதைக் காட்டுங்கள். இந்த எறும்பைப் போலத்தான் நானும் என்று சொல்லிக்கொண்ட ஒரு தமிழ்ப் பெரியவர் இருந்தார் என்றும் சொல்லுங்கள்.

அல்லாஹ் அவருடைய கப்ரை ஒளியால் நிரப்புவானாக. அவன் படைப்புகள் அனைத்தின் மீதும் இரக்கம் காட்டும் இதயத்தை நமக்கும் நம் சந்ததிகளுக்கும் தருவானாக. ஆமீன்.