பறவையறிஞர் சாலிம் அலி

1933ஆம் ஆண்டு, இன்றைய இடுக்கி மாவட்டத்து மறையூருக்கு மெலிந்த உடலினர் ஒருவர் துப்பாக்கியும் தொலைநோக்கியுமாய் வந்திறங்கினார். திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுப்பதே அவர் கருத்து. உடன் அவர் துணைவியார் தெஹ்மினா அம்மையார். மறையூர் தொடங்கிக் குமுளி, தேக்கடி எனச் சுற்றிப் பாலக்காட்டுப் பக்கத்துப் பறம்பிக்குளக் காட்டின் குரியார்குட்டியிலும் தங்கினார். சம்பளம் கேட்டாரில்லை, முகாம் செலவு மட்டுமே கேட்டார். வேலையற்றிருந்த ஒருவர் இவ்வாறு கேட்டது எளிய செயலன்று.

அவரே சாலிம் அலி. 1896 நவம்பர் 12இல் பம்பாயில் பிறந்து, மூன்று வயதுக்குள் தாய் தந்தை இருவரையும் இழந்து, மாமன் வீட்டில் வளர்ந்தார். சிறுவனாயிருக்கையில் தாம் சுட்டு வீழ்த்திய குருவியின் கழுத்தில் மஞ்சள் நிறங்கண்டு வியந்து, அது யாதென்றறியப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வாயிலை மிதித்தார். அன்று தொடங்கிய கல்வி அது. கல்லூரிப் பட்டம் பெற்றாரில்லை. பெர்லின் சென்று பயின்றார்.

கொல்லாமை போற்றும் அன்பர்கள் ஒன்றை அறிதல் வேண்டும்: ஆராய்ச்சிக்காக அவர் பறவைகளைச் சுட்டதுண்டு. மறைப்பதற்கில்லை. ஆயினும் எக்காட்டில் எவ்வுயிர் உளதென எழுதி வைத்தார் இல்லாவிடில், பின்னாளில் அரசினரிடம் எதைக் காட்டி வழக்காடுவது?

அந்நாளும் வந்தது. பாலக்காட்டு மாவட்டத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில், குந்திப்புழைக்குக் குறுக்கே அணைகட்டி 120 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் திட்டத்துக்கு 1973இல் திட்டக்குழு இசைந்தது. சோலைமந்திகள் வாழும் மழைக்காடு நீரில் மூழ்குவதாயிருந்தது. கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்தினரும் கவிஞர் சுகதகுமாரியும் மக்களிடையே கிளர்ச்சி செய்தனர். சாலிம் அலி முதுமையிலும் அங்குச் சென்று பார்த்து, திட்டத்தைக் கைவிடுமாறு முறையிட்டார். பிரதமர் இந்திரா காந்தி அவருக்குப் புதியவரல்லர். 1941இல் வெளிவந்த அவருடைய பறவை நூலை நேரு சிறையிலிருந்து மகளுக்கு அனுப்பியிருந்தார். 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பர் 15இல் அப்பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாயிற்று.

பரத்பூரில் நிகழ்ந்தது வேறு. அந்நீர்நிலையை வயலாகாமற் காத்தவரும் அவரே. ஆனால் அங்கு மாடு மேய்த்தலைத் தடுக்கவேண்டும் என்றும் கூறினார். 1982இல் தடை வந்தது. எதிர்த்த கிராமத்தார்மீது காவலர் சுட்டதில் சிலர் மாண்டனர். ஏழையின் எருமைக்கு இடமின்றிச் செய்த சட்டம் அது என்பது என் துணிபு. அவர் கழகத்தார் பத்தாண்டு ஆராய்ந்தபோதோ, எருமைகள் நீங்கியபின் புல் மண்டி நீரை அடைத்ததென்றும், நீர்ப்பறவைகளுக்கே அது கேடாயிற்றென்றும் கண்டனர். அம்முடிவு வெளியானபோது சாலிம் அலி இல்லை. 1987 ஜூன் 20இல், தொண்ணூறாம் வயதில், பம்பாயில் காலமாகியிருந்தார்.