ஜான் டி'ஆஞ்செலிகோ

ஜான் டி'ஆஞ்செலிகோ (1905 – செப்டம்பர் 1, 1964) ஐக்கிய அமெரிக்காவின் நியூயார்க் நகரில் வாழ்ந்த புகழ்பெற்ற கித்தார் கைவினைஞர் ஆவார். இத்தாலியக் குடும்பத்தில் பிறந்த இவர், ஆர்ச்டாப் எனப்படும் வளைமுகக் கித்தார்களைச் செய்வதில் வல்லவராக விளங்கினார். 1932 ஆம் ஆண்டு முதல் இறக்கும் வரை இவரது பட்டறையில் உருவானவை 1,164 கித்தார்கள். இவை தொழிற்சாலையில் அல்லாமல், இரண்டு அல்லது மூன்று பேர் மட்டுமே பணியாற்றிய சிறு பட்டறையில் கையால் செய்யப்பட்டவை. நடுவில் பொன்மஞ்சளாகவும் விளிம்பில் கரும்பழுப்பாகவும் தோன்றும் சன்பர்ஸ்ட் பூச்சு இவரது கருவிகளில் பரவலாகக் காணப்படுகிறது.

இளமையும் பயிற்சியும்

டி'ஆஞ்செலிகோ 1905 இல் நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவிலுள்ள லிட்டில் இத்தாலி என்னும் பகுதியில் பிறந்தார். 1914 ஆம் ஆண்டில், தமது 9 ஆவது அகவையில், தாத்தா முறையினரான ரஃபேல் சியானி என்பவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். சியானியின் பட்டறையில் வயலின்களும் மண்டலின்களும் தட்டைமுகக் கித்தார்களும் செய்யப்பட்டன.

வயலினின் மேற்பலகை பார்ப்பதற்கு வளைத்துச் செய்யப்பட்டது போலத் தோன்றினாலும், அது தடித்த பலகையை உளியாலும் சிறு இழைப்புளியாலும் செதுக்கிப் பெறப்படுவது. பலகை எவ்விடத்தில் தடிப்பாகவும் எவ்விடத்தில் மெல்லியதாகவும் இருக்க வேண்டும் என்பதைப் பொறுத்தே ஒலி அமையும். சிறு வயதில் கற்ற இந்த வயலின் தொழிலே பின்னாளில் இவரது கித்தார் தொழிலுக்கு அடிப்படை ஆயிற்று.

சியானி இறந்த பின்னர் பட்டறையின் பொறுப்பு டி'ஆஞ்செலிகோவிடம் வந்தது. அங்கு 15 பேர் பணியாற்றினர். அவர்களை மேற்பார்வையிடும் வேலை இவருக்குப் பிடிக்கவில்லை. எனவே அங்கிருந்து விலகித் தனியே தொழில் தொடங்கினார்.

காலப் பின்னணி

கிப்சன் நிறுவனம் 1922 இல் எல்-5 என்னும் கித்தாரை அறிமுகப்படுத்தியது. லாயிட் லோர் என்பவரின் மேற்பார்வையில் உருவான அக்கருவி, செதுக்கப்பட்ட வளைமுகத்தையும் வயலினில் உள்ளவை போன்ற எஃப் வடிவத் துளைகளையும் கொண்டிருந்தது. நடன இசைக் குழுக்களில் அதுவரை தாளத்திற்காகப் பாஞ்சோ வாசித்து வந்தவர்கள் 1920 களின் பிற்பகுதியிலிருந்து கித்தாருக்கு மாறத் தொடங்கினர். மின் ஒலிபெருக்கம் பரவாத அக்காலத்தில், ஊதுகருவிகளுக்கு இடையிலும் தெளிவாகக் கேட்கும் கித்தார் தேவைப்பட்டது. வளைமுகக் கித்தார்கள் அத்தேவையை நிறைவு செய்தன.

கென்மேர் தெருப் பட்டறை

டி'ஆஞ்செலிகோ 1932 இல் மன்ஹாட்டனில் 40, கென்மேர் தெரு என்னும் முகவரியில் தமது பட்டறையைத் திறந்தார். தொடக்கத்தில் இவர் செய்த கித்தார்கள் கிப்சன் எல்-5 ஐப் பெரிதும் ஒத்திருந்தன. படிப்படியாகத் தமக்கே உரிய வடிவங்களை உருவாக்கிக் கொண்டார். ஒவ்வொரு கித்தாருக்கும் ஓர் எண் இடப்பட்டுப் பட்டறையின் பேரேட்டில் பதியப்பட்டது. இவர் செய்த கருவிகளின் எண்ணிக்கை அறியப்படுவது இப்பேரேடுகளின் வாயிலாகவே ஆகும்.

1930 களின் பிற்பகுதியில் உற்பத்தி உச்சத்தை எட்டியது. அப்போதும் ஆண்டுக்கு ஏறத்தாழ 35 கித்தார்களே செய்யப்பட்டன. புகழ் வளர்ந்த பின்னரும் பட்டறை பெரிதாக்கப்படவில்லை.

கித்தார் வகைகள்

1930 களின் நடுப்பகுதிக்குப் பின் இவரது கித்தார்கள் ஸ்டைல் ஏ, ஸ்டைல் பி, எக்செல், நியூயார்க்கர் முதலிய பெயர்களில் செய்யப்பட்டன. இவற்றுள் எக்செல் 17 அங்குல அகலமும் நியூயார்க்கர் 18 அங்குல அகலமும் உடையவை. ஸ்டைல் ஏ, ஸ்டைல் பி ஆகியவை 1940 களில் கைவிடப்பட, எக்செலும் நியூயார்க்கரும் தொடர்ந்தன.

மேற்பலகைக்கு ஸ்புரூஸ் மரமும், பின்பலகை, பக்கங்கள், கழுத்து ஆகியவற்றுக்கு மேப்பிள் மரமும், விரற்பலகைக்குக் கருங்காலியும் பயன்பட்டன. தலைப்பகுதியின் அலங்காரங்களில் அக்கால நியூயார்க்கின் வானளாவிகளில் காணப்பட்ட படிக்கட்டு போன்ற ஆர்ட் டெக்கோ வடிவங்கள் இடம்பெற்றன.

சன்பர்ஸ்ட் பூச்சு

டி'ஆஞ்செலிகோவின் கித்தார்கள் பெரும்பாலும் இருவகைப் பூச்சுகளில் கிடைத்தன. ஒன்று மரத்தின் இயல்பான வெளிர் நிறத்தைக் காட்டுவது, மற்றொன்று சன்பர்ஸ்ட்.

சன்பர்ஸ்டின் மூலம் வயலின் மரபில் உள்ளது. பழைய வயலின்களில் கைபட்டுத் தேய்ந்த இடங்கள் வெளிறியும், தேயாத இடங்கள் கருத்தும் இருக்கும். இத்தோற்றத்தைக் கருவி செய்வோர் புதிய கருவிகளிலும் உருவாக்கினர். கிப்சன் நிறுவனம் எல்-5 கித்தாரின் பூச்சுக்கு, ஸ்ட்ராடிவாரி வாழ்ந்த இத்தாலிய நகரின் பெயரால் கிரெமோனா பழுப்பு என்று பெயரிட்டது. அப்பூச்சு சாயத்தைக் கையால் தேய்த்து அதன்மேல் வார்னிஷ் இடும் முறையில் அமைந்தது.

1920 களில் மோட்டார் வண்டிகளுக்காக விரைவில் உலரும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் புழக்கத்திற்கு வந்தது. வண்டிகளுக்கு வண்ணமிடும் கால அளவை இது வெகுவாகக் குறைத்தது. இசைக்கருவி செய்வோரும் இதனை ஏற்றுக்கொண்டனர். வார்னிஷ் தூரிகையால் பூசப்படுவது. லாக்கரோ காற்றழுத்தத் தெளிப்பானால் தெளிக்கப்படுவது. இதனால் ஒரு நிறம் மற்றொன்றில் கோடு தெரியாமல் கரையும்படி செய்வது எளிதாயிற்று.

தெளிப்பு முறையில் சன்பர்ஸ்ட் பின்வருமாறு செய்யப்படுகிறது. முதலில் மரம் நன்கு சுரண்டப்பட்டு, உப்புத்தாளால் தேய்த்து மழமழப்பாக்கப்படும். சிறு கீறல் இருந்தாலும் சாயம் அதில் தங்கிக் கருங்கோடாகத் தெரியும். அடுத்து முகம் முழுவதும் மஞ்சள் நிறம் இடப்படும். பின்னர் நிறம் கலந்த லாக்கர் விளிம்பிலிருந்து உள்நோக்கிச் சிறிது சிறிதாகத் தெளிக்கப்படும்; முதலில் செம்பழுப்பு, அதன்பின் விளிம்பை ஒட்டிக் கரும்பழுப்பு. தெளிப்பானை மரத்திலிருந்து எவ்வளவு தொலைவில், எந்தச் சாய்வில், எவ்வளவு விரைவில் நகர்த்த வேண்டும் என்பது கைப்பழக்கத்தால் வருவது. ஓரிடத்தில் நிறம் மிகுந்துவிட்டால் அதை மட்டும் துடைத்தெடுக்க இயலாது. வளைமுகக் கித்தாரில் பரப்பு மேடும் பள்ளமுமாக இருப்பதால் இவ்வேலை மேலும் கடினமாகும்.

நிறமிட்ட பின் வெண்ணிற விளிம்புப் பட்டைகளின் மீது படிந்த நிறம் கூரிய தகட்டால் சுரண்டி எடுக்கப்படும். அதன்மேல் நிறமற்ற லாக்கர் பல படலங்களாகத் தெளிக்கப்படும். புதிய படலம் தனக்குக் கீழுள்ள படலத்தைச் சற்றே கரைத்து அதனுடன் ஒன்றாகிவிடும். ஈரப்பதம் மிகுந்த நாட்களில் தெளித்தால் லாக்கர் வெண்மையாக மங்கிவிடும். பூச்சு பல நாட்கள் உலர்ந்து இறுகிய பின்னரே நுண்ணிய தாளால் தேய்த்துச் சமப்படுத்தி மெருகேற்றப்படும்.

பூச்சு அழகுக்காக மட்டும் இடப்படுவதன்று. மரத்தை வியர்வையிலிருந்தும் ஈரத்திலிருந்தும் அது காக்கிறது. எனினும் அது தடித்துவிட்டால் மேற்பலகையின் அதிர்வு தடைப்பட்டு ஒலி மங்கும். பல நாட்கள் உழைத்துச் செதுக்கிய பலகையைக் கடைசி வேலையான பூச்சு கெடுத்துவிடக்கூடும் என்பதால், கைவினைஞர்கள் இதில் மிகுந்த கவனம் செலுத்துகின்றனர். நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் காலப்போக்கில் மஞ்சளாகி, மெல்லிய வெடிப்புகளைப் பெறும். பழைய கித்தார்களின் பூச்சில் காணப்படும் வலை போன்ற கோடுகள் இவ்வாறு ஏற்பட்டவை.

உடன் பணியாற்றியோர்

வின்சென்ட் டிசெரியோ 1932 முதல் 1959 வரை டி'ஆஞ்செலிகோவின் உதவியாளராகப் பணியாற்றினார். 1952 இல் ஜேம்ஸ் டி'அக்விஸ்டோ (1935–1995) என்னும் இளைஞர் தொழில் பழகச் சேர்ந்தார். சியானியிடம் தாம் கற்றது போலவே, நூல்களின் துணையின்றி, அருகிலிருந்து பார்த்தும் செய்தும் கற்கும் முறையில் டி'ஆஞ்செலிகோ இவருக்குத் தொழிலைக் கற்பித்தார்.

பயன்படுத்திய இசைக்கலைஞர்கள்

ஜாஸ் கலைஞர் ஜானி ஸ்மித், நாட்டுப்புற இசைக் கலைஞர் செட் அட்கின்ஸ், கித்தார் பாடநூல்களால் அறியப்பட்ட மெல் பே ஆகியோர் டி'ஆஞ்செலிகோ கித்தார்களை வாசித்தவர்களுள் சிலர். செட் அட்கின்ஸ் தமது எக்செல் கித்தாரில் மின் பிக்கப்களைப் பொருத்தி வாசித்தார். மின்கித்தார்கள் பரவிய பின்னர் கித்தாரின் ஒலி அளவு மரத்தை மட்டும் நம்பியதாக இல்லை. ஆயினும் டி'ஆஞ்செலிகோ செதுக்கிய கித்தார்களையே தொடர்ந்து செய்துவந்தார்.

இறுதிக் காலம்

1959 ஆம் ஆண்டு இவருக்குக் கடினமானதாக அமைந்தது. பட்டறை இருந்த கட்டடம் பாதுகாப்பற்றது என அறிவிக்கப்பட்டதால் வேறிடம் தேட வேண்டியிருந்தது. 27 ஆண்டுகள் உடனிருந்த டிசெரியோவும் கருத்து வேறுபாட்டால் விலகினார். இதய நோயாலும் வருந்திய டி'ஆஞ்செலிகோ பட்டறையை மூடினார். தொழில் இத்துடன் நின்றுவிடும் நிலை இருந்தது. டி'அக்விஸ்டோவின் வற்புறுத்தலால் பட்டறை மீண்டும் திறக்கப்பட்டது. உடல்நலம் குன்றியதால் அதன் பிறகு வேலைகளில் பெரும்பகுதியை மாணவரே ஏற்றுச் செய்தார்.

டி'ஆஞ்செலிகோ 1964 செப்டம்பர் 1 அன்று தமது 59 ஆவது அகவையில் காலமானார். அவர் முடிக்காமல் விட்டுச் சென்ற 10 கித்தார்களை டி'அக்விஸ்டோ முடித்தார்.

தாக்கம்

டி'அக்விஸ்டோ பின்னர் தமது பெயரிலேயே கித்தார்களைச் செய்து புகழ் பெற்றார். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகம் 2011 இல், இத்தாலியிலிருந்து நியூயார்க்குக்கு வந்த இக்கைவினை மரபைப் பற்றிய கண்காட்சியை நடத்தியது. அதில் டி'ஆஞ்செலிகோ, டி'அக்விஸ்டோ, ஜான் மான்டெலியோன் ஆகிய மூவரின் கருவிகள் முதன்மையாக இடம்பெற்றன. டி'ஆஞ்செலிகோ என்னும் வணிகப் பெயரில் பிற்காலத்தில் வேறு உரிமையாளர்களும் கித்தார்களை வெளியிட்டுள்ளனர். அவை 1964 க்கு முன் கென்மேர் தெருவில் செய்யப்பட்ட 1,164 கருவிகளிலிருந்து வேறானவை.