எட்டுக் குருவிகளைச் சுட்ட சிறுவன்: சலீம் அலிக்கு ஏர்கன் கற்றுக்கொடுத்தது என்ன?

டிசம்பர், ஜனவரியில் தூத்துக்குடி உப்பளங்கள் பக்கம் பைக்கில் போனால், தண்ணீர் தேங்கிய பாத்திகளில் பறவைகள் கூட்டமாக நிற்பதைப் பார்க்கலாம். அவற்றைப் பார்க்க பைனாகுலரோடு வருபவர்களில் சலீம் அலி என்ற பெயரைக் கேள்விப்படாதவர் யாரும் இருக்க மாட்டார்கள். இந்தியாவின் பறவை மனிதர். ஆனால் அவர் முதன்முதலில் பறவைகளைப் பார்த்தது பைனாகுலர் வழியாக இல்லை, ஏர்கன் குறி வழியாகத்தான்.

இந்த முரண்பாட்டைப் புரிந்துகொள்ள இந்தக் கரையின் பழைய வழக்கம் ஒன்று உதவும். இங்கே முத்துக்குளிப்பு நினைத்த வருஷமெல்லாம் நடக்காது. கடலடிப் பார்களிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுத்து, வயதாகிவிட்டதா, முத்து தேறுமா என்று பார்த்த பிறகுதான் சலாபம் அறிவிப்பார்கள். இளஞ்சிப்பி என்றால் கை வைக்க மாட்டார்கள். கடைசிச் சலாபம் முடிந்தது 1961-ல். எதை எடுக்கலாம், எப்போது எடுக்கக் கூடாது என்பது கடலுக்கு மட்டுமான கேள்வி இல்லை. வேட்டைக்கும் அதுதான் கேள்வி. சலீம் அலி அதைக் கற்றுக்கொள்ள ஒரு வாழ்நாள் ஆனது.

1896 நவம்பர் 12-ல் பம்பாயில் பிறந்தவர். வீட்டில் கடைக்குட்டி. ஒரு வயதில் அப்பா போனார், மூன்று வயதில் அம்மா. தாய்மாமா அமீருதீன் தய்யப்ஜியும் அத்தை ஹமீதா பேகமும்தான் பிள்ளைகளை வளர்த்தார்கள். மாமா வேட்டைப் பிரியர். அந்தக் காலத்து வசதியான குடும்பங்களில் பையன் கையில் துப்பாக்கி கொடுப்பது, இன்று கிரிக்கெட் பேட் கொடுப்பது மாதிரி. சலீமுக்கும் ஒரு ஏர்கன் கிடைத்தது. வீட்டைச் சுற்றித் திரிந்த சிட்டுக்குருவிகள்தான் இலக்கு. சுட்டதை ஹலால் முறைப்படி அறுத்துச் சமைத்துச் சாப்பிட வேண்டும். சுட்டுவிட்டுத் தூக்கி எறிகிற வேலை இல்லை.

பத்து வயது வாக்கில், 1906-07-ல், அவர் ஒரு குறிப்பு எழுதி வைத்தார். குதிரை லாயச் சுவர்ப் பொந்தில் பெண் குருவி அடைகாக்கிறது. வெளியே ஆணியில் ஆண் குருவி காவல். சிறுவன் வண்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஆண் குருவியைச் சுட்டான். கொஞ்ச நேரத்தில் அதே ஆணியில் இன்னொரு ஆண் வந்து உட்கார்ந்தது. அதையும் சுட்டான். ஏழு நாளில் எட்டு ஆண் குருவிகள். பின்னாளில் பறவையியல் கோணத்தில் சுவாரஸ்யமான பதிவாகப் பார்க்கப்பட்ட இந்தக் குறிப்பை, தன் வேட்டைத் திறமையைப் பறைசாற்றத்தான் எழுதினேன் என்று அவரே பிறகு ஒப்புக்கொண்டார்.

இதைப் படிக்கும்போது நமக்கு வயிறு கலங்குகிறது, நியாயம்தான். அடைகாக்கும் நேரத்தில் சுடாதே என்று அந்த வாரம் யாரும் பையனைத் தடுத்ததாகத் தெரியவில்லை. ஆனால் இன்னொன்றையும் கவனியுங்கள். பையன் எண்ணியிருக்கிறான், எழுதியிருக்கிறான், ஆணியில் யார் வந்து உட்கார்ந்தது என்று பார்த்திருக்கிறான்.

திருப்பம் வந்தது ஒரு சந்தேகத்தால். ஒருநாள் சுட்ட குருவியின் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. இது வழக்கமான சிட்டுக்குருவிதானா, சாப்பிடலாமா? மாமாவிடம் கொண்டுபோனான். தெரியாது என்று தட்டிக் கழிக்காமல், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் கௌரவச் செயலாளர் டபிள்யூ.எஸ்.மில்லார்டிடம் அனுப்பிவைத்தார் மாமா. வெள்ளைக்கார துரையைப் பார்க்கப் பயந்துகொண்டே போனவனுக்கு, அவர் அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொன்னதோடு, அலமாரி அலமாரியாகப் பாடம் செய்து வைத்திருந்த பறவைகளையும் காட்டினார். படிக்கப் புத்தகம் கொடுத்தார். பறவைகளைப் பாடம் செய்யவும் அங்கேயே கற்றுக்கொடுத்தார்கள். ஏர்கனை யாரும் பிடுங்கவில்லை. இது என்ன பறவை என்ற கேள்வியை மட்டும் அதோடு சேர்த்துக் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு வாழ்க்கை நேர்கோட்டில் போகவில்லை. பர்மாவில் குடும்பத் தொழில், பம்பாய் அருங்காட்சியகத்தில் வழிகாட்டி வேலை, பெர்லினில் எர்வின் ஸ்ட்ரெஸ்மானிடம் பயிற்சி. 1930-ல் திரும்பி வந்தால் அருங்காட்சியக வேலை இல்லை. அந்தச் சமயத்தில்தான் கிஹிம் கடற்கரையில் தூக்கணாங்குருவிகளை மாதக்கணக்கில் உட்கார்ந்து பார்த்தார். பிறகு சமஸ்தானம் சமஸ்தானமாகப் பறவைக் கணக்கெடுப்பு. 1933-ல் திருவிதாங்கூர், கொச்சி. இன்றைய குமரி மாவட்டம் அன்று திருவிதாங்கூருக்குள்தான் இருந்தது.

அந்தக் கணக்கெடுப்புகளிலும் துப்பாக்கி இருந்தது. மாதிரிக்காகப் பறவைகளைச் சுட்டார்கள். தோல், இறகு, அளவு எதுவும் கையில் இல்லாமல் இனங்களைப் பிரித்தறிய முடியாது என்பது அவர் வாதம், அதைக் கடைசிவரை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. எஸ். தில்லான் ரிப்ளியுடன் சேர்ந்து எழுதிய பத்துத் தொகுதிக் கையேட்டுக்குப் பின்னால் இப்படிச் சேர்த்த மாதிரிகளும் இருக்கின்றன. அவரை அகிம்சை முனிவராக்குகிற வாட்ஸ்அப் பதிவுகள் இதைச் சொல்வதில்லை.

மறுபக்கம், 1938-ல் பரத்பூரில் வைஸ்ராய் லின்லித்கோ வந்திருந்தபோது ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டார்கள். அங்கே கேள்வியும் இல்லை, குறிப்பும் இல்லை, வெறும் எண்ணிக்கைதான். அந்த நீர்நிலை பின்னர் சரணாலயமாகவும் தேசியப் பூங்காவாகவும் மாறப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர் சலீம் அலி. நம்ம கோடியக்கரையின் முக்கியத்துவத்தையும் அவர் எடுத்துச் சொன்னார். 1967-ல் அது சரணாலயமானது.

சரி, இன்றைக்கு ஒரு பிள்ளை கையில் ஏர்கன் கொடுக்கலாமா?

0.177 அங்குல அளவுக்குள், 20 ஜூலுக்குக் குறைவான ஆற்றல் உள்ள ஏர்கனுக்கு 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. அதனாலேயே பலர் அதை விளையாட்டுச் சாமான் என்று நினைக்கிறார்கள். ஒரு குண்டு கண்ணைப் பறித்துவிடும். பயிற்சி மையங்களில் முதல் பாடம் குறிபார்ப்பது இல்லை. எந்தத் துப்பாக்கியையும் குண்டு இருப்பதாகவே நினை, குழாயை யார் பக்கமும் திருப்பாதே, சுடும் நொடி வரை விரலை விசையில் வைக்காதே என்பதுதான் முதல் பாடம். அட்டை இலக்கைச் சுடலாம். வேலியில் உட்கார்ந்திருக்கும் காட்டுப் பறவையைச் சுட்டால், அது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சலீம் அலிக்கு அன்று இருந்த சுதந்திரம் இன்று எந்தப் பையனுக்கும் கிடையாது. பறவைகளின் நிலைமையும் அன்று மாதிரி இல்லை. அருணாச்சலப் பிரதேசத்தில் 2021-ல் தொடங்கிய இயக்கத்தில் ஊர் ஊராக மக்கள் தங்கள் ஏர்கன்களை அரசிடம் ஒப்படைத்தார்கள்.

சலீம் அலி தன் சுயசரிதையை 1985-ல் வெளியிட்டார். தலைப்பிலேயே அந்தக் குருவியின் வீழ்ச்சியை வைத்தார். 1987 ஜூன் 20-ல் பம்பாயில், 90 வயதில் காலமானார். அதே ஆண்டில்தான் தூத்துக்குடியிலிருந்து நெல்லை போகிற வழியில் இருக்கும் வல்லநாட்டு மலையை வெளிமான்களுக்கான சரணாலயமாக அறிவித்தார்கள்.