கல்லைப் படித்தவர் – வெங்கையா

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலைப் பார்க்காத மாணவர் நம்மிடையே இரார். அதன் கருங்கல் அடித்தளத்தில் வரி வரியாக எழுத்துகள் ஓடுவதையும் கண்டிருப்போம். ஆனால் அவ்வெழுத்துகளைக் கூட்டிப் படிக்க நம்மில் எத்தனை பேரால் முடியும்? இதை எழுதும் நானும் அவ்வழியே பலமுறை போய் வந்தவன்தான். ஒரு வரியேனும் படிக்கத் தெரியாமலே போய் வந்தேன். அவ்வரிகளின் பொருளை அறிஞர் உலகுக்கு முதன்முதலில் விரிவாக எடுத்துரைத்தவர் கல்வெட்டறிஞர் வெங்கையா. பழஞ்சின்னங்களைப் பேணும் கலையைத் தம் முதன்மைப் பாடத்தோடு ஒரு துணைப்பாடமாகவேனும் கற்க விரும்புவோர் அவர் வாழ்க்கையை அறிந்திருத்தல் நலம்.

இளமையும் பணியும்

அந்நாளைய வட ஆர்க்காடு மாவட்டத்தில், ஆரணிக்கு அருகிலுள்ள வளையாத்தூரில் 1864ஆம் ஆண்டு வெங்கையா பிறந்தார். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பம். வடமொழிப் புலமை வீட்டுச் செல்வம். ஆங்கிலக் கல்வி பயின்று எம்.ஏ. பட்டமும் பெற்றார்.

1886இல் சென்னை அரசு, ஜெர்மானிய அறிஞர் ஹுல்ட்ஷ் என்பவரைக் கல்வெட்டு ஆய்வாளராக நியமித்தது. அவருக்கு உதவியாளராக அமர்ந்தார் வெங்கையா. பழந்தமிழ் எழுத்து, வட்டெழுத்து, கிரந்தம் ஆகியவற்றில் தேர்ச்சி பெறக் கோயில் சுவர்களே அவருக்குப் பள்ளிக்கூடமாயின. மாமல்லபுரம், காஞ்சி கைலாசநாதர் கோயில் முதலிய இடங்களின் கல்வெட்டுகளைக் கொண்ட தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதி 1890இல் வெளிவந்தது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் அடுத்த தொகுதியில் இடம்பெற்றன. இவற்றின் பின்னே வெங்கையாவின் உழைப்பும் இருந்தது.

மைப்படி எடுக்கும் முறை

கல்வெட்டைக் காப்பதில் முதற்படி அதனைப் படியெடுப்பது. முதலில் கல்லின்மேல் படிந்த அழுக்கையும் பாசியையும் தூரிகையால் தேய்த்துக் கழுவுவர். நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, எழுத்துப் பள்ளங்களில் தாள் நன்கு பதியுமாறு தூரிகையால் தட்டுவர். பிறகு மையைப் பஞ்சுப் பொதியால் ஒற்றுவர். பள்ளத்தில் மை படாது. ஆகவே கரிய தாளில் எழுத்துகள் வெண்மையாகத் தெரியும். உலர்ந்தபின் தாளை உரித்து எடுப்பர். இதுவே மைப்படி.

கேட்பதற்கு எளிது. வெயிலில் தாள் உலர்வதற்குள் வேலை முடிய வேண்டும். எழுத்து சிதைந்த இடத்தில் ஊகத்தையும் உண்மையையும் பிரித்துக் குறிக்கும் நேர்மை வேண்டும். பொறுமையில்லாதவருக்கு உரிய தொழில் அன்று இது.

உத்திரமேரூர்க் கல்வெட்டு

1898இல் கல்வெட்டுத் துறையினர் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைப் படியெடுத்தனர். அவற்றுள் இரண்டு, முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்தவை, அதாவது கி.பி. 919, 921. இந்தியத் தொல்லியல் துறையின் 1904–05ஆம் ஆண்டறிக்கையில் வெங்கையா அவ்விரண்டையும் விளக்கி எழுதினார்.

அங்கே வெளிப்பட்டது குடவோலை முறை. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஏதுமறியாச் சிறுவன் ஒருவனை எடுக்கச் செய்தனர். கால் வேலிக்கு மேல் இறைநிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும், 35 முதல் 70 வரை வயதும் வேண்டும் என்பது இரண்டாம் கல்வெட்டின் விதி. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் இடமில்லை. ஏரி வாரியத்துக்கு அறுவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர். பதவிக் காலம் 360 நாள். இது அந்தணர் சபையின் விதி என்பதையும், பெண்களுக்கும் நிலமற்றோர்க்கும் அதில் பங்கில்லை என்பதையும் நாம் மறைக்க வேண்டுவதில்லை. கணக்குக் காட்டாதவன் பதவிக்கு வரலாகாது என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்தார்களே, அதுவே வியப்பு!

பின்னர் நீலகண்ட சாத்திரியார் 1932இல் வெளியான தம் நூலில் இக்கல்வெட்டுகளை மீண்டும் ஆராய்ந்தார். பிற அறிஞரும் ஆராய்ந்தனர். சில சொற்களுக்கு வெங்கையா கண்ட பொருளினின்று வேறுபட்டனர். மைப்படியும் மூலக்கல்லும் எஞ்சியிருந்ததால் அன்றோ அது இயன்றது? 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டிய விழாவிலும் நம் ஊர்க் கல்வெட்டு நினைவுகூரப்பட்டது.

நிறைவு

1903இல் ஹுல்ட்ஷ் தாயகம் திரும்பியபின் சென்னை மாகாணக் கல்வெட்டுப் பணியின் பொறுப்பு வெங்கையாவிடம் வந்தது. 1908 முதல் இந்திய அரசின் கல்வெட்டு ஆய்வாளராக உயர்ந்தார். பல்லவர் வரலாறு, பண்டைத் தென்னாட்டு நீர்ப்பாசனம் ஆகியன பற்றி அவர் எழுதிய கட்டுரைகள் பின்வந்தோர்க்கு வழிகாட்டின. 1912 நவம்பரில், தம் 48ஆம் வயதில், பணி நடுவே மறைந்தார். தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியின் எஞ்சிய பகுதியைக் கிருஷ்ண சாஸ்திரி முடித்து வைத்தார்.

நம் கடன்

வைகுந்தப் பெருமாள் கோயில் இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. எல்லாக் கோயில்களுக்கும் அந்தப் பேறு இல்லை. திருப்பணி என்ற பெயரில் கல்வெட்டின்மேல் சுண்ணாம்பு பூசுவதும், மணலை வீசியடித்துக் கல்லின் மேற்பரப்பை அரிப்பதும், கற்களைப் பிரித்து வரிசை மாற்றி அடுக்குவதும் பல ஊர்களில் நடந்தவையே. செய்தவர் பகைவர் அல்லர். படிக்கத் தெரியாத பக்தர்கள்.

கல்வெட்டுக் கலைக்கு முதுநிலைப் பட்டயப் படிப்பு சென்னையில் உண்டு. ஆனால் இளங்கலை மாணவர்க்கும் ஒரு துணைப்பாடம் வேண்டும் என்பது என் எண்ணம். வேதியியல் மாணவர் கல் அரிப்பின் காரணத்தை ஆராயலாம். கணித மாணவர் கோயிலை அளந்து வரைபடம் தீட்டலாம். தமிழ் மாணவர் எழுத்தைப் படிக்கலாம். திருப்புலிவனத்து வியாக்கிரபுரீசுவரர் கோயிலிலும் சோழர் கல்வெட்டுகள் உள்ளன. ஆய்வுக்கூடம் தேடி நாம் தொலைவு போக வேண்டியதில்லை.

பேராசிரியப் பெருமக்கள் மனம் வைத்து, வாரம் ஒரு மணி நேரம் எழுத்துப் பயிற்சி அளித்தால் போதும். அடுத்த ஆண்டு மலர் வெளிவருவதற்குள், அக்கோயில் சுவரில் ஒரு வரியையாவது நாங்களே படித்துவிடுவோம். வெங்கையாவுக்கு நாம் செலுத்தக்கூடிய அஞ்சலி அதுவே.